முதல் புத்தகம் போடப் போகிறீர்களா? ஃபாரக் கணக்கில் ஆரம்பியுங்கள்

என் முதல் சிறுகதைத் தொகுப்பு லேஅவுட் முடிந்து வந்தபோது 98 பக்கம் இருந்தது. பதிப்பாளர் போன் செய்து, "ரெண்டு பக்கம் இடிக்குது சார், 96-க்குள்ள கொண்டாந்துருங்க" என்றார். முன்னுரையில் ஒரு பக்கம், கடைசிக் கதையில் ஒரு பக்கம் என்று வெட்டிக் கொடுத்தேன். புத்தகம் வந்த பிறகு ஒரு வாசகர் கேட்டார்: "அந்தப் பாட்டி கடைசியில் பஸ் ஏறினாளா இல்லையா?" ஏறினாள். அது 97-ஆம் பக்கத்தில் இருந்தது.

ஆஃப்செட் அச்சில் புத்தகத்தை ஃபாரம் ஃபாரமாகத்தான் அடிப்பார்கள், ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். 96 பக்கம் என்றால் சுத்தமாக ஆறு ஃபாரம். இரண்டு பக்கம் கூடினாலும் இன்னொரு பிளேட் (அச்சுத் தகடு), இன்னும் கொஞ்சம் தாள், பைண்டிங்கில் கூடுதல் வேலை என்று செலவு ஏறும். அதனால் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும் முன்பே, புத்தகத்தின் அளவு டெம்மியா கிரவுனா என்று கேட்டு, எழுத்தளவு என்ன என்றும் கேட்டு, உத்தேசமாக எத்தனை பக்கம் வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இடித்தால் கதையில் கை வைக்காதீர்கள். எழுத்தளவை அரைப் புள்ளி குறைக்கலாம், வெற்றுப் பக்கங்களை எடுக்கலாம், முன்னுரையைச் சுருக்கலாம் (நம் முன்னுரைகள் எல்லாமே கொஞ்சம் நீளம்தான்). தேவைக்கேற்ப அடித்துக்கொள்ளும் பிஓடி என்கிற பிரிண்ட் ஆன் டிமாண்டில் இந்தத் தொல்லை குறைவு. முப்பது, ஐம்பது பிரதி கூட அடிக்கலாம், ஆனால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடும், விலையும் கூடும்.

அடுத்தது காசு. ஒரு கணக்குக்கு உங்கள் புத்தகத்தின் விலை 200 ரூபாய் என்று வையுங்கள். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் 35, 40 சதவீதம் கழிவு போய்விடும். வழக்கமான பத்து சதவீத ராயல்டி என்றால் உங்களுக்கு 20 ரூபாய். மீதி நூற்றுச் சொச்சத்தில்தான் அச்சு, தாள், அட்டை, மெய்ப்பு (பிழை திருத்தம்), ஸ்டால் வாடகை, லாரி எல்லாம். 500 பிரதியும் விற்றால் உங்கள் கைக்கு 10,000 ரூபாய் வரும். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால், பதிப்பாளர் ஏன் கவிதை என்றதும் முகம் சுளிக்கிறார், ஏன் "நாவல் இருக்கா சார்?" என்கிறார் என்பது கோபமில்லாமல் புரியும். கண்காட்சியில் உங்கள் புத்தகத்துக்குப் பக்கத்தில் பொன்னியின் செல்வன் மலிவுப் பதிப்பு அடுக்கி வைத்திருப்பார்கள், அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் அதற்கு ராயல்டி கிடையாது, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையை நம்பி 1000, 1200 பிரதி அடித்த காலமும் மலையேறிவிட்டது. உங்களிடமே பணம் கேட்டுப் புத்தகம் போடுகிறவர்களும் உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் எத்தனை பிரதி, மிச்சம் யாருக்கு, விற்ற கணக்கு எப்போது வரும் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்குவது என்றதும் ஒப்பந்தம். "நமக்குள்ள எதுக்கு சார் பத்திரம்" என்று யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை ஆண்டு என்று போடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, உரிமை காலாவதி ஆகிவிடும். அச்சு உரிமையை மட்டும் கொடுங்கள். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா நான்கையும் தனித்தனியாகப் பேசுங்கள், "அனைத்து உரிமைகளும்" என்ற இரண்டு சொல்லில் நான்கும் போய்விடும்.

அமேசானின் கிண்டிலில் மின்நூலை நீங்களே போடலாம், தமிழுக்கு வழி இருக்கிறது. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். ஆனால் இந்தியாவில் 70 வேண்டுமானால் அவர்களின் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்நூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. சேர்ந்த புத்தகம் 'கிண்டில் அன்லிமிடெட்' என்ற சந்தா வாசிப்புக்கும் போகும், அதில் படிக்கப்படும் பக்கங்களுக்கு ஏற்பத்தான் காசு. பக்கத்துக்குக் காசு என்றதும் நம் கை தானாக என்ன செய்யும் தெரியுமா? அத்தியாயத்தை இழுக்கும், ஒவ்வொரு முடிவிலும் ஒரு கதவு தட்டப்படும், மூன்று பாகமாகப் போகும். நானே ஒரு குறுநாவலில் இதைச் செய்தேன், ஐந்தாவது கதவு தட்டலில் எனக்கே வெட்கமாகிவிட்டது. தொடர்கதைதான் உங்கள் வடிவம் என்றால் தாராளமாக எழுதுங்கள், வார இதழ்கள் காலத்திலிருந்தே அதற்குத் தனி ருசி உண்டு. இல்லையென்றால் முழுவதையும் எழுதி முடித்த பிறகே ஏற்றுங்கள், நடுவில் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று காட்டும் டாஷ்போர்டைத் திறக்காதீர்கள்.

அப்புறம் ஜனவரி. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சி இப்போது பொங்கலை ஒட்டி நடப்பதால், ஊரில் இருக்கும் எல்லாரும் அதற்குள் புத்தகம் கொண்டுவரத் துடிக்கிறோம். டிசம்பரில் அச்சகத்தில் நிற்க இடமிருக்காது. மெய்ப்பு பார்க்க இரண்டு நாள் தருவார்கள். யூனிகோடில் தட்டியதை லேஅவுட்டுக்கு மாற்றும்போது மேற்கோள் குறிகளும் 'ஸ்ரீ'யும் கோணல்மாணலாகிவிடும், அதைத் தேடவே அந்த இரண்டு நாள் போய்விடும். புதியவர் என்றால் ஆகஸ்ட்டைக் குறி வையுங்கள், ஈரோட்டுக் கண்காட்சி அந்த மாதம்தான் நடக்கும், நிதானமாக மெய்ப்பும் பார்க்கலாம்.

ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சியின் தளத்தில் விண்ணப்பித்தால் போதும், அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். புத்தகம் வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் பதிப்பாளர் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அனுப்பினாரா என்று கேட்டு வையுங்கள். என் தொகுப்பும் அங்கே இருக்கிறது, பாட்டி இன்னும் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறாள்.