வாக்கியத்தின் வாலை விழுங்காதீர்கள்

கல்லூரி மாணவர்களுக்கு மாக் இன்டர்வியூ நடத்தியபோது ஒரு பையன் தன் புராஜெக்டைப் பற்றிச் சொன்னான். "கடைசி நேரத்துல டிசைனை மாத்தச் சொன்னாங்க சார். ஆனா நாங்க மாத்த..." அதற்குமேல் காதில் விழவில்லை. மாற்றினார்களா, இல்லையா? மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை. வாக்கியம் முடியும் முன்பே அவனுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது.

குரல் விஷயத்தில் நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. செய்தோம், செய்யவில்லை, செய்ய முடியாது எல்லாமே அந்த வாலில்தான் இருக்கிறது. அதை விழுங்கினால் சொல்ல வந்த சேதியே போய்விடும். 'இவருக்கே உறுதியில்லை போல' என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

பதற்றத்தில் தோள் ஏறி இறங்க, குட்டிக் குட்டியாக மூச்சு வாங்குகிறோம். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது கை முன்னால் வர வேண்டும். அப்புறம், நீளமான வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசுங்கள். வீட்டில் நாளிதழின் ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் முதல் சொல்லுக்குக் கொடுத்த அதே கனத்தோடு வாசித்துப் பழகுங்கள். அந்தப் பையனை ஒரு நிமிடம் நிதானமாக மூச்சு விடச் சொல்லி, மறுபடி கேட்டோம். "மாத்தல சார்" என்றான், தெளிவாக. ஏன் மாற்றவில்லை என்பதையும் அழகாகச் சொன்னான்.

கம்பீரமாக இருக்கட்டும் என்று குரலை வலிந்து தாழ்த்துவது இன்னொரு தவறு. நாம் பேசும்போது குரல் நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுக்கு ஏறக்குறைய 200 முறையும் அதிர்கின்றன. அவரவர் நாண்களின் நீளமும் தடிமனும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. அடித்தொண்டையில் போட்டு அமுக்கினால் கரகரப்புதான் மிஞ்சும், குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. யாராவது கதை சொல்லும்போது "ம்ம்" கொட்டுகிறோமே, அந்தச் சுருதிதான் ஏறக்குறைய உங்கள் இயல்பான சுருதி. அங்கிருந்து பேச ஆரம்பியுங்கள்.

"மைக் வேண்டாம், என் குரலே கேட்கும்" என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். இரைச்சல் கூடக்கூட நம்மை அறியாமலே குரல் உயர்கிறது. எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஃபேன் சத்தத்தோடும் ஐம்பது பிள்ளைகளோடும் நாள் முழுக்கப் போட்டி போடும் ஆசிரியருக்குச் சாயங்காலம் தொண்டை கட்டுவதில் ஆச்சரியம் இல்லை. மைக் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாலடி முன்னால் போய் நின்று பேசுங்கள்.

பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமும் பழக்கத்தையும் விடுங்கள். ஒவ்வொரு செருமலிலும் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. ஒரு மிடறு தண்ணீர் போதும். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு ஆகாது, பலருக்கு அதிலும் தொண்டை இறுகத்தான் செய்கிறது. பேசாமலே இருங்கள், முடியாவிட்டால் மெல்லிய இயல்பான குரலில் சுருக்கமாகப் பேசுங்கள்.

சரி, ரெகார்டிங்குக்கு வருவோம். போனில் தன் குரலைக் கேட்டதும் "ஐயோ, இதுவா நான்?" என்று அழித்துவிடுகிறோம். பேசும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்கு வருவதால் நமக்குக் கனமாகக் கேட்கிறது. ரெகார்டிங்கில் அந்தக் கனம் இருக்காது. ஊர் கேட்பது அந்தக் குரலைத்தான். அழிக்காமல் வைத்து, எந்த இடத்தில் வாக்கியம் கரைகிறது என்று மட்டும் கேளுங்கள்.

குரல் கம்மியே மூன்று வாரம் தாண்டிவிட்டால், அதிமதுரமும் பனங்கற்கண்டும் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.