ஒரு நடிகையின் மணவாழ்க்கை நாவலை வைத்து ஆங்கிலம் படிக்கும் முறை

இலக்கணம் ஓரளவு தெரிந்து, செய்தித்தாளும் படிக்க முடிந்தவர்களுக்கு அடுத்த சிக்கல் தொனி. எதிரே இருப்பவர் 'ஹவ் நைஸ் ஆஃப் யூ' என்கிறார். அது மனதாரச் சொன்னதா, ஒப்புக்குச் சொன்னதா? இதைப் பாடப்புத்தகம் சொல்லித் தராது. நல்ல நாவல் சொல்லித் தரும். அதற்கு நாங்கள் பரிந்துரைப்பது சாமர்செட் மாம் எழுதி 1937இல் வெளிவந்த 'தியேட்டர்'.

ஜூலியா லாம்பர்ட் லண்டனின் புகழ்பெற்ற நாடக நடிகை. கணவர் மைக்கேல் காஸ்லின் தியேட்டரை நடத்துகிறார். ஜூலியா மேடையில் நடிப்பது போலவே வீட்டிலும் விருந்திலும் நடிப்பவள். அவள் வாயால் சொன்னதும் மனதுக்குள் நினைத்ததும் பல இடங்களில் அடுத்தடுத்த வரிகளிலேயே வரும். வெளியே நாகரிகமான ஆங்கிலம், உள்ளே கூச்சமில்லாத ஆங்கிலம். தொனியைக் கற்க இதைவிட வசதியான நாவலைக் காட்டுவது கடினம்.

நடையும் கைகொடுக்கும். பாரிஸில் பிறந்த மாமுக்குச் சிறுவயதில் முதலில் வந்த மொழி பிரெஞ்சு. தெளிவும் எளிமையுமே நடைக்கு அழகு என்று கருதியவர். 1908இல் லண்டனில் அவருடைய நான்கு நாடகங்கள் ஒரே சமயத்தில் ஓடின. அந்த நாடகக் கை நாவலிலும் தெரிகிறது: உரையாடல் குறுகியது, வாய்விட்டுப் படிக்க ஏற்றது.

முதலில் அளவு பாருங்கள்

முதல் அத்தியாயத்தில் இரண்டு பக்கங்களை அகராதி இல்லாமல் படித்து, தெரியாத சொற்களைப் பென்சிலால் கோடிடுங்கள். பக்கத்துக்குப் பத்துக்குள் இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். பதினைந்தைத் தாண்டினால் இப்போதைக்கு வேண்டாம். மாணவர்களுக்காக எளிமைப்படுத்திய ஆங்கில நூல்கள் இரண்டு மூன்றை முடித்துவிட்டு வாருங்கள். சிரமப்பட்டாவது முடித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

சுருக்கப் பதிப்பு வாங்காதீர்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஜூலியாவின் மனப்பேச்சாகத்தான் இருக்கும். மாம் 1965 டிசம்பரில் இறந்தார். இந்தியச் சட்டப்படி இந்நூலின் பதிப்புரிமை 2025 முடிவு வரைதான். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டும், கற்பவர்களுக்கென்றே தயாரித்த ஆங்கிலம்–ஆங்கில அகராதி ஒன்றும் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் போன்ற அகராதி எடுத்துக்காட்டு வாக்கியம் தருவதால் சொல்லை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

கதைக்கு முன் தியேட்டர் சொற்கள்

இதைத் தவிர்த்தால் நன்றாகத் தெரிந்த சொற்களே குழப்பும். 'ஹவுஸ்' என்றால் இங்கே வீடு மட்டுமல்ல, அன்றைக்கு வந்த பார்வையாளர் கூட்டமும்தான். 'பார்ட்' வேடம். 'லைன்ஸ்' வசனம். 'கியூ' என்பது நீங்கள் வாய் திறக்க வேண்டிய இடத்தைக் காட்டும், முன்னவருடைய கடைசிச் சொற்கள். 'ஸ்டால்ஸ்' மேடைக்கு எதிரே கீழ்த்தளத்தில் இருக்கும் விலை கூடிய இருக்கைகள், 'பிட்' அதற்குப் பின்னால் மலிவானவை, 'காலரி' உச்சியில். 'டிரஸ்ஸர்' உடை மாற்ற உதவும் பெண், ஜூலியாவுக்கு ஈவி. 'அண்டர்ஸ்டடி' நடிகர் வராத நாளில் அந்த வேடம் கட்டத் தயாராக இருப்பவர். 'ரன்' நமக்குப் பழகியதுதான்: படம் நூறு நாள் ஓடியது என்கிறோமே, அந்த ஓட்டம்.

தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டியது 'கோ இன்டு மேனேஜ்மென்ட்'. இன்றைய அலுவலகப் பொருளில் எடுத்தால் மைக்கேலின் ஆசையே புரியாமல் போகும். அங்கே அது, நடிகரே முதல் திரட்டி, தியேட்டரை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக நாடகம் போடுவது.

தினசரி வாசிப்பு

ஒரு நாளைக்கு நான்கு பக்கம் போதும். முதல் முறை அகராதியைத் தொடாமல், நிற்காமல் படியுங்கள். இரண்டாம் முறை ஐந்தே ஐந்து சொற்களுக்கு மட்டும் அகராதி. எந்த ஐந்து என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நாற்காலி வகை, துணி வகை, தொப்பி வகை வேண்டாம். வினைச்சொற்களையும், ஒருவர் பேசிய விதத்தைச் சொல்லும் சொற்களையும் எடுங்கள். அவைதான் அடுத்த பக்கத்திலும் வரும்.

அடுத்து வருவது இந்த முறையின் உயிர். நோட்டின் இடப்பக்கத்தில் ஜூலியா சொன்ன வரி, வலப்பக்கத்தில் அதே நேரம் அவள் நினைத்தது. நாளொன்றுக்கு மூன்று ஜோடி. முதல் அத்தியாயமே நல்ல களம்: கணக்குப் பார்க்க வந்த இளைஞனைப் பகலுணவுக்கு அழைக்கிறார்கள், ஜூலியா பெரிய நடிகையின் கனிவை அவன்மேல் பொழிகிறாள். மனப்பேச்சு எழுதப்படாத இடங்களில் அதை நீங்களே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். இலக்கணப் பிழை வந்தால் வரட்டும், எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

காலம் குழம்பும் இடம்

தொடக்க அத்தியாயங்களிலேயே கதை பின்னோக்கிப் போய்விடுகிறது. மிடில்பூல் என்ற ஊரில் ஜிம்மி லாங்டன் நடத்திய நாடகக் குழு, அங்கே ஜூலியாவும் மைக்கேலும் சந்தித்தது, காதல், கல்யாணம் என நீண்டு, பிறகுதான் நிகழ்காலத்துக்குத் திரும்புகிறது. பின்கதைக்குள் நுழையும்போது 'ஹேட் மெட்', 'ஹேட் கான்' என வினையோடு 'ஹேட்' சேர்ந்து வரும். சில வாக்கியங்களுக்குப் பிறகு அது உதிர்ந்து சாதாரண இறந்தகாலமே தொடரும். ஆங்கிலத்தில் இது இயல்பு. புதியவர்களோ கதை இன்றைக்கு வந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். பக்க ஓரத்தில் 'அன்று', 'இன்று' என்று பென்சிலால் எழுதிக்கொண்டே போங்கள். 'ஹேட்' தொடங்கும் வாக்கியத்தையும் அது நின்ற வாக்கியத்தையும் வட்டமிட்டால், இலக்கண நூலில் புரியாதது இங்கே பிடிபட்டுவிடும்.

மணவாழ்க்கைச் சொற்கள்

நம்மவர்கள் அதிகம் தவறுவது 'மேரி' (கல்யாணம் செய்துகொள்) என்ற வினையில். ஒருவரோடு கல்யாணம் என்ற நம் வழக்கினால் 'வித்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 'ஷீ மேரீட் மைக்கேல்', இடையில் எதுவும் வராது. 'ஷீ வாஸ் மேரீட் டு மைக்கேல்', இங்கே 'டு'. 'என்கேஜ்ட்', 'ப்ரபோஸ்' இரண்டுக்கும் 'டு'. 'இன் லவ்' என்பதற்குத்தான் 'வித்'. இந்த ஐந்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, நாவலில் எதிர்ப்படும்போதெல்லாம் பக்க எண்ணைச் சேருங்கள்.

அழைக்கும் முறையையும் கவனியுங்கள். கல்யாணமாகி வளர்ந்த மகன் இருந்தும் தொழிலில் அவள் 'மிஸ் லாம்பர்ட்'தான். அது அக்கால மேடை வழக்கம். நாடகக்காரர்கள் வாயில் 'டார்லிங்' சரளமாக வரும். அதைக் காதலுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாய்விட்டுப் படிப்பது

வாரம் ஒருமுறை, இருவர் மட்டும் பேசும் இரண்டு பக்கக் காட்சியைத் தேர்ந்தெடுத்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். ஒருமுறை ஜூலியா, அடுத்த முறை மைக்கேல். பிறகு அதே வரியை நிஜமாகவும், ஒப்புக்கும், எரிச்சலை மறைத்தும் மூன்று விதமாகச் சொல்லிக் கேளுங்கள். மூன்றும் ஒரேமாதிரி ஒலித்தால் எல்லாச் சொல்லையும் சம அழுத்தத்தில் சொல்கிறீர்கள் என்று பொருள். வரிக்கு ஒரே ஒரு சொல்லை மட்டும் அழுத்திப் பாருங்கள்.

ஈவியின் பேச்சைப் பின்பற்ற வேண்டாம். அது காக்னி, லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சு வழக்கு, கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும். வேறு சில பிரயோகங்களும் 1930களோடு நின்றவை. 'கே' அங்கே உற்சாகமான என்ற பொருளில் வரும். 'மேக் லவ் டு' அன்று காதல் மொழி பேசுவதையும் குறித்தது; இன்று உடலுறவை மட்டுமே குறிக்கும். இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள், பேச்சில் எடுக்காதீர்கள்.

மகன் ரோஜர், கடைசிப் பகுதியில் தாயின் முகத்துக்கு நேரே அவளுடைய ஓயாத நடிப்பைப் பற்றிப் பேசும் காட்சியை அவசரமாகக் கடக்காதீர்கள். நோட்டில் நீங்கள் எழுதிய ஜோடிகளில் எவையெல்லாம் ரோஜரின் குற்றச்சாட்டுக்குச் சாட்சியோ, அவற்றைத் தேடி எடுத்து, அவன் பக்கமோ ஜூலியா பக்கமோ நின்று பத்து வாக்கியம் எழுதுங்கள்.

'பீயிங் ஜூலியா' திரைப்படம் (2004) இந்த நாவலிலிருந்து வந்தது. ஆனெட் பெனிங் நடித்தது. நாவலை முடித்த பிறகே, ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். படத்தில் ஜிம்மி லாங்டன் இறந்த பிறகும் ஜூலியாவின் கண்ணுக்குத் தெரிந்து ஆலோசனை சொல்கிறார். நாவலில் அவர் நினைவாக மட்டுமே வருகிறார். இளம் நடிகையை ஜூலியா மேடையில் மடக்கும் விதமும் இரண்டிலும் வேறு. அந்தக் காட்சியை நாவலில் மறுபடி படித்து, படத்தில் மறுபடி பார்த்து, வேறுபாடுகளை இறந்தகாலத்தில் எழுதிப் பாருங்கள்.