காதுல என்ன மாட்டிக்கிட்டு மெஷினை ஸ்டார்ட் பண்றது? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பிரஷ் கட்டர் வாங்குன புதுசுல காதுல ஒன்னுமே போடாம முக்கால் மணி நேரம் புல் வெட்டுனேன், வெட்டவெளிதானே, சத்தமெல்லாம் காத்தோட போயிடும்னு ஒரு நெனப்பு. மெஷினை ஆஃப் பண்ண பிறகும் காதுக்குள்ள ஙொய்ங்னு ஒரே சத்தம், வீட்ல பேசுறதெல்லாம் தலகாணிக்கு அடியில இருந்து பேசுற மாதிரி கேட்டுச்சு. மறுநாள் காலைல போயிடுச்சு, நானும் அதோட மறந்துட்டேன். அப்புறம் படிச்சுப் பாத்தாதான் தெரியுது, உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்குற காக்ளியாவுல குட்டிக்குட்டி முடி செல்கள் இருக்கு, அதுங்க அடி வாங்குனதோட அடையாளம்தான் அந்த ஙொய். அந்த செல் செத்துட்டா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது, அவ்ளோதான்.

வெட்டவெளின்னா சுவத்துல பட்டு எதிரொலி வராதுங்கறது உண்மைதான், ஆனா மெஷின் இருக்குறது நம்ம கைக்கெட்டுற தூரத்துல, அதுல இருந்து நேரா காதுக்கு வர்ற சத்தம் வீட்டுக்குள்ளயும் வெட்டவெளியிலயும் அதேதான்.

ஸ்டெப் 1: மெஷின் எவ்ளோ கத்துதுன்னு பாருங்க

மேனுவல்லயோ மெஷின் மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்லயோ டெசிபெல் கணக்கு போட்டிருப்பாங்க. ரெண்டு நம்பர் இருந்தா, மெஷின் ஓட்டுறவர் காதுகிட்ட எவ்ளோங்கற நம்பரைப் பாருங்க, இன்னொன்னு மெஷின்ல இருந்து வெளிய வர்ற மொத்த சத்தம், அது எப்பவுமே பெருசா இருக்கும், பயந்துடாதீங்க. பொதுவா புல்வெட்டி 90 பக்கம், இலை ஊதுற புளோயர் 90ல இருந்து 100, ஆங்கிள் கிரைண்டரும் பெட்ரோல் பிரஷ் கட்டரும் 100 பக்கம், செயின் சா 105க்கு மேல 110ஐத் தாண்டிக்கூட போகும்.

அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு அமைப்பு சொல்ற கணக்கு இது: 85 டெசிபெல்னா அந்த சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 100 வந்தா வெறும் 15 நிமிஷம். 110க்குப் போட்டுப் பாருங்க, ஒன்றரை நிமிஷம்தான் வருது. செயின் சாவை ஸ்டார்ட் பண்ணி சோக்கை சரி பண்றதுக்குள்ளயே அன்னைக்கு கோட்டா முடிஞ்சுடும்!

மேனுவல் தொலஞ்சு போச்சா, பரவால்ல. ஒரு கை தூரத்துல நிக்கிறவர்கிட்ட கத்திப் பேசுனாத்தான் கேக்குதுன்னா 85ஐத் தாண்டிடுச்சுன்னு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: பாக்கெட் மேல உள்ள நம்பரை அப்படியே நம்பாதீங்க

காதுல மாட்டுற சாமானோட பாக்கெட்ல, அது எத்தனை டெசிபெல் குறைக்கும்னு சொல்ற என்ஆர்ஆர் 27, என்ஆர்ஆர் 33ன்னு நம்பர் இருக்கும், ஐரோப்பா பக்கத்து சரக்கா இருந்தா எஸ்என்ஆர்னு இருக்கும். ரெண்டும் வேற வேற அளவுகோல், ஒன்னை இன்னொன்னோட வச்சுக் கம்பேர் பண்ணக் கூடாது. 100ல இருந்து 33 போனா 67, ஆஹா சூப்பர்னு நானும் ஒரு காலத்துல கணக்கு போட்டேன். அது லேப்ல, பாத்துப் பாத்து மாட்டிவிட்டு எடுத்த நம்பர். நிஜ வேலையில யாரும் அப்படி மாட்டுறதில்ல, அதனால என்ஆர்ஆர்ல 7ஐக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பாதியாக்குறது ஒரு வழக்கம். 33 போட்டிருந்தா 13, 27 போட்டிருந்தா 10. சரியா மாட்டுனா இதைவிட அதிகமாவே கிடைக்கும், அந்தப் பாதி போறதே நம்ம மாட்டுற லட்சணத்துனாலதான்.

ஸ்டெப் 3: எந்த வகை

ஃபோம் இயர் பிளக்: விலை கம்மி, ஒழுங்கா போட்டா நல்லாவே அடைக்கும், வெயில்ல புழுங்காது. பிரச்சனை என்னன்னா கையால உருட்டித்தான் போடணும், கிரீஸும் மண்ணுமா இருக்குற கையில உருட்டி காதுக்குள்ள விட்டா அது தனி வில்லங்கம்.

சிலிக்கான் பிளக்: குடையைக் குடை மேல அடுக்குன மாதிரி மூணு அடுக்கா இருக்கும், உருட்ட வேண்டாம், கழுவிக் கழுவிப் போடலாம். சைஸ் ஒத்து வரணும், ரெண்டு காதும் ஒரே சைஸா இருக்கும்னு நெனக்காதீங்க.

இயர் மஃப்: ஹெட்போன் மாதிரி காதையே மூடுறது. ஆரம்பத்துல நான் இதைத்தான் சொல்லுவேன், தப்பா மாட்டுறது கஷ்டம், கழட்டி மாட்டுறது ஈஸி, கழுத்துல தொங்கவும் விடலாம். ஆனா வேர்க்கும், நல்லா வேர்க்கும். கண்ணாடி போடுறவங்க கவனிங்க, கண்ணாடிக் கம்பி மெத்தைக்கு அடியில போற இடத்துல ஒரு சந்து விழும், சத்தம் அது வழியா உள்ள வந்துடும். கம்பி மெலிசா இருக்குற கண்ணாடி பாருங்க, இல்லன்னா பிளக்குக்கு மாறிடுங்க. தொப்பி, முடிக்கத்தை இதுக்கும் அதே கதைதான். மரம் அறுக்குறவங்க ஹெல்மெட், முகத்தடுப்பு, மஃப் மூணும் சேந்தே வர்ற செட்டா வாங்கிடுங்க.

எலக்ட்ரானிக் மஃப்: பேச்சு சத்தத்தை மைக் வழியா உள்ள விடும், பெரிய சத்தம் வந்தா அமுக்கிடும். கூட ஆள் வச்சு வேலை பாக்குறவங்களுக்கு காசுக்கு வொர்த். பாட்டு கேக்குற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இந்த லிஸ்ட்லயே கிடையாது, அதுல என்ஆர்ஆர் நம்பரே இருக்காது, இருக்குற நம்பிக்கையில பாட்டு சவுண்டையும் ஏத்தி வச்சுடுவோம். காதுல பஞ்சு வைக்கிறது பத்தி பேசவே வேண்டாம்.

செயின் சா மாதிரி ராட்சசனுக்கு பிளக் போட்டு அதுக்கு மேல மஃப் போடுங்க. ரெண்டு நம்பரையும் கூட்டக் கூடாது, ரெண்டுல பெரிய நம்பரோட சுமார் 5 கூடும், அவ்ளோதான். அதுக்காக சின்ன புல்வெட்டிக்கும் ரெண்டையும் மாட்டிக்காதீங்க, காதுக்குள்ள 70க்கும் கீழ போயிட்டா பின்னாடி வர்ற வண்டியும் கேக்காது, ‘டேய் நிறுத்துடா’ன்னு கத்துறதும் கேக்காது.

ஸ்டெப் 4: ஃபோம் பிளக் போடுற விதம்

கையைக் கழுவிட்டு, பிளக்கை விளக்குத் திரி மாதிரி மெலிசா, மடிப்பு விழாம உருட்டுங்க. வலது காதுக்குப் போடும்போது இடது கையை தலைக்குப் பின்னாடியா கொண்டு வந்து காது மடலை மேலயும் பின்னாடியும் இழுங்க, காதுத் துளை அப்பதான் நேராகும். உள்ள விட்டுட்டு விரலை எடுக்காம ஒரு 30 விநாடி பிடிங்க, அது உப்பி வரணும். போட்ட பிறகு ரெண்டு உள்ளங்கையாலயும் காதைப் பொத்திப் பாருங்க. பொத்துறதுக்கு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் கேக்குற சத்தத்துல பெரிய வித்தியாசம் தெரிஞ்சா பிளக் சரியா உக்காரலன்னு அர்த்தம், எடுத்துட்டு முதல்ல இருந்து. கண்ணாடியில பாத்தா பாதி பிளக் வெளிய நீட்டிட்டு இருந்தாலும் அதேதான்.

ஸ்டெப் 5: நடுவுல கழட்டாதீங்க

எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். 30 டெசிபெல் குறைக்கிற அருமையான மஃப்னே வைங்க, வேலை நேரத்துல பாதி நேரம் கழட்டி வச்சா மொத்தத்துல உங்களுக்குக் கிடைக்கிறது வெறும் 3 டெசிபெல். பத்துல ஒரு பங்கு நேரம் கழட்டுனாலே 10க்கு இறங்கிடும். அதாவது 50 நிமிஷ வேலையில போன் பேச, கூப்பிட்டவருக்கு பதில் சொல்லன்னு மெஷின் ஓடும்போதே அஞ்சு நிமிஷம் கழட்டுனா மூணுல ரெண்டு பங்கு காசு வீண். பேசணும்னா முதல்ல மெஷினை நிறுத்துங்க. அதனாலதான் கடையில பெரிய நம்பரைத் தேடாம, மாட்டிப் பாத்து, ரெண்டு மணி நேரம் இதோட இருக்க முடியுமான்னு யோசிச்சு வாங்கச் சொல்றேன். இறுக்கிப் பிடிக்கிற 31ஐவிட கழட்டத் தோணாத 22 மேல். கூட நிக்கிற ஆளுக்கும் ஒரு ஜோடி குடுங்க, அவர் காதும் காதுதானே.

மஃப் மெத்தை வெடிச்சிருந்தாலோ கல்லு மாதிரி இறுகிட்டாலோ மெத்தையை மட்டும் மாத்துங்க. அழுக்கான ஃபோம் பிளக்கைக் கழுவாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க. எல்லாம் சரியா போட்டும் சாயங்காலம் காது ஙொய்ங்குதுன்னா போட்டது பத்தலன்னு அர்த்தம், அந்த ஙொய் ஒரு நாள் ரெண்டு நாள் தாண்டியும் நிக்குதுன்னா காது டாக்டர்கிட்ட போய், காது எவ்ளோ கேக்குதுன்னு பாக்குற ஆடியோகிராம் எடுத்துடுங்க. திடீர்னு ஒரு காது கேக்கலன்னா அந்த ரெண்டு நாளும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே கிளம்புங்க.