மலேரியா எந்த ஊரில், எந்த மாதத்தில்? கணிக்கும் வழி

சென்னையில் மலேரியா தடுப்பு வேலையில் இருக்கிறேன். கிணறு, டேங்குகளில் கொசுப்புழு பார்ப்பதும், கட்டட வேலைக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் காய்ச்சல் என்றால் ரத்தம் எடுப்பதும் என் வேலை. வெளிமாநிலம் போகிறவர்கள் "அங்கே இப்போ மழைக்காலமா?" என்று கேட்பார்கள். அது மட்டும் போதாது. அந்த மாதத்தில் அங்கே எந்த மாதிரித் தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள்.

காரணம், மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவில் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தண்ணீர். சென்னையில் இருப்பது ஸ்டீபன்சி. மூடாத கிணறும் மொட்டைமாடி டேங்கும் அதற்குப் போதும், மழையே வேண்டாம். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர்ப் பரப்போடு படிந்து கிடைமட்டமாக மிதந்தால் அது அனாபிலஸ் புழு. தலைகீழாகத் தொங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸாகவோ, சாக்கடைக் கொசுவாகவோ இருக்கும்.

ஒடிசாவின் கோராபுட், மல்கான்கிரி மலைப்பகுதிகளில் கதை வேறு. அங்கே முக்கியமானது ஃப்ளுவியாடிலிஸ். அதற்குத் தெளிந்து மெதுவாக ஓடும் ஓடை வேண்டும். கொட்டும் மழை புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். மழை விட்டு ஓடை தெளிந்ததும் பெருகும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில், குளிர் தொடங்கும்போதும் அங்கே கவனம் வேண்டும். மழைக்காலத்தில் வயலிலும் குட்டையிலும் வளரும் குலிசிஃபேசிஸ் வேறு இருக்கிறது. கிருமியிலும் வகை உண்டு: மூளையைப் பாதித்து உயிரை எடுக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகைக் கிருமி ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காடுகளிலும் வடகிழக்கிலும்தான் அதிகம். சென்னையில் பெரும்பாலும் வைவாக்ஸ் வகைக் கிருமி.

வடகிழக்குக் காடுகளில் பைமாயி என்றொரு கொசு. நிழலில் தேங்கிய சின்னக் குழி, யானைக் கால்தடத்தில் நிற்கிற தண்ணீர்கூட அதற்குப் போதும். அங்கே மழை தொடங்கியதுமே எச்சரிக்கை வேண்டும். ராஜஸ்தான் பாலைவனத்திலோ நல்ல மழை பெய்த வருஷம்தான் ஆபத்து. 1994-இல் மேற்கு ராஜஸ்தானில் பெரிய அளவில் மலேரியா பரவியது அப்படித்தான்.

இதற்கு நேர் எதிர் இலங்கை. 1934-இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. அதில் குலிசிஃபேசிஸ் பெருகி, 1934–35 கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். வறட்சி என்றால் மலேரியா வராது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். (அதே இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியது.)

அடுத்து குளிர். சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனால் கிருமி கொசுவுக்குள் வளராது. வட இந்தியாவில் மார்கழி, தையில் நோய் அடங்குவது அதனால்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. வெப்பமான இடத்தில் கிருமி கொசுவுக்குள் வளர ஏறக்குறைய இரண்டு வாரம், கடித்தபின் காய்ச்சல் வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். அதனால் மழைக்கு ஒரு மாதம் தள்ளித்தான் காய்ச்சல் கூடும். மழை நின்றதும் கொசுவலையை மடித்து வைத்துவிடாதீர்கள். அந்தி முதல் விடியும்வரை வலைக்குள் இருங்கள்.

திரும்பி வந்து காய்ச்சல் வந்தால், மறுநாளைக்குத் தள்ளாமல் ரத்தம் கொடுங்கள். எந்த ஊர், எந்த மாதம் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்; சென்னைக் காய்ச்சல் என்று நினைத்து டெங்குவுக்கு மட்டும் பார்த்துவிடக் கூடும். வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் திரும்பும். ஆறு மாதத்துக்கு முன் போன பயணமாக இருந்தாலும் சொல்லுங்கள். டாக்டர் 14 நாள் மாத்திரை கொடுத்தால், காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டாலும் 14 நாளும் போடுங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் காய்ச்சல் தொடர்ந்தால், மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.