முயல் வேட்டைக்கு முதல் ரைஃபிள்: காசு எங்கே வீணாகிறது?

ஆஸ்திரேலியாவின் கிராமப்புறத்தில் முயலை யாரும் செல்லப்பிராணியாகப் பார்ப்பதில்லை. 1859-இல் விக்டோரியா மாநிலத்தின் வின்செல்சி ஊருக்கு அருகே தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், வேட்டையாடி மகிழ இங்கிலாந்திலிருந்து வரவழைத்து அவிழ்த்துவிட்ட சில முயல்கள் பல்கிப் பெருகி, புல்லையும் மண்ணையும் சேர்த்துக் கெடுக்கும் தொல்லையாகிவிட்டன. அங்கே முயலைக் குறைக்கப் பண்ணைக்காரர் கையில் எடுப்பது, ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். அது போல்ட் ஆக்‌ஷனாக இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1996-இல் போர்ட் ஆர்தர் துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகளால், விசையை அழுத்த அழுத்தச் சுடும் அரைத்தானியங்கி .22 கூட சாதாரண வேட்டைக்காரருக்குக் கிடைப்பது அரிது.

இங்கிருந்து போய் அங்கே குடியேறியவருக்கு இந்த விஷயத்தைச் சொல்லித்தர வீட்டுப் பெரியவர்கள் இருக்க வாய்ப்பில்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை பெரும்பாலும் குற்றம். அதனால் கடைக்காரர் சொன்னதே வேதமாகிவிடுகிறது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்றில்லை. அவருக்கு ரைஃபிள் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

மலிவான ரைஃபிள் வாங்குவது தவறு என்று நான் நினைக்கவில்லை. சாவேஜ் மார்க் 2, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர், கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் செக் நாட்டின் சிஇசட் 457 என எதை எடுத்தாலும் 50 மீட்டரில் முயல் தலையளவு இடத்தில் குண்டைச் சேர்க்கும். சீனாவின் நோரின்கோ ஜேடபிள்யூ-15 கூட, மெருகு குறைவென்றாலும், வேலைக்கு ஆகும். காசு வீணாவது வேறு இடங்களில்.

முதலாவது, எதைச் சுடப் போகிறோம் என்று முடிவெடுக்காமல் காலிபரை, அதாவது குழலின் உள்விட்ட அளவை (.22 என்றால் 0.22 அங்குலம்), முடிவெடுப்பது. "ஒரே துப்பாக்கியில் முயல், நரி, மான் எல்லாம்" என்று தேடுபவர் கடைசியில் எதற்கும் பொருந்தாத ஒன்றோடு திரும்புவார். விக்டோரியாவில் ஃபேலோ மானுக்குக் குறைந்தது .243 காலிபர் வேண்டும், குண்டின் எடை குறைந்தது 80 கிரெய்ன் (சுமார் 5 கிராம்). சாம்பார் மானுக்கு .270, 130 கிரெய்ன். .22-ஐ மான் மேல் பிரயோகிப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, காயத்தோடு ஓடிப்போன மான் எங்கோ புதரில் நாள்கணக்கில் சாகும். முயலுக்கு ஒன்று, மானுக்கு வேறொன்று என்பதை ஏற்றுக்கொண்டால் முதல் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பது எளிது.

முயலுக்கென்று வைத்துக்கொண்டால் போட்டியில் நிற்பவை மூன்று தோட்டா வகைகள். மூன்றும் ரிம்ஃபயர், அதாவது அடிப்பகுதியின் விளிம்பில் ஊசி அடித்தால் வெடிப்பவை. 1887 முதல் புழக்கத்தில் உள்ள .22 எல்ஆர், 1959-இல் வந்த .22 மேக்னம், 2002-இல் வந்த .17 எச்எம்ஆர். கடைசியில் சொன்னதன் குண்டு வெறும் 17 கிரெய்ன், ஒரு கிராமுக்குச் சற்றே மேல். ஆனால் நொடிக்கு 770 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் புறப்படுகிறது. 100 மீட்டர் வரை கோடு போட்டதுபோல் போகும். அதைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. தோட்டா விலை .22 எல்ஆரைப் போலப் பல மடங்கு. உடம்பில் பட்டால் குண்டு சிதறி இறைச்சியைக் கூழாக்கிவிடும். முயலைக் கறிக்காகச் சுடுபவர் தலையை மட்டுமே குறிவைக்க வேண்டியிருக்கும்.

.22 எல்ஆரின் பலவீனம் தூரம். 50 மீட்டருக்குச் சரிசெய்து வைத்த ரைஃபிளில் 100 மீட்டரில் சுட்டால் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே இறங்கும். தூரத்தைக் கண்ணால் 20 மீட்டர் தப்பாகக் கணித்தாலே முயல் பிழைத்துக்கொள்ளும், அல்லது கால் ஒடிந்து ஓடும். ஆனால் புதர் ஓரமாக, 60 மீட்டருக்குள் மெதுவாக நடந்து வேட்டையாடுபவருக்கு இதைவிடச் சிக்கனமானது இல்லை. ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டா போட்டால் 'படார்' என்ற வெடிப்பும் இருக்காது. ஒரு முயல் விழுந்தாலும் பக்கத்து முயல் மேய்ந்துகொண்டிருக்கும். ஒலியடக்கி அங்கே பொதுவாகத் தடை என்பதால் இது பெரிய விஷயம். அதே காரணத்தால், ஒலியடக்கி மாட்டுவதற்காகக் குழல் முனையில் மரை போட்ட மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. நரியை 150, 200 மீட்டரில் சுடும் திறந்தவெளிப் பண்ணை என்றால் ரிம்ஃபயரையே விட்டுவிட்டு, அதைவிட வலுவான .223 பக்கம் போகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியில் .22 என்று இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. மேக்னம் ரைஃபிளில் தோட்டா அமரும் அறைக்குள் எல்ஆர் தோட்டா தொளதொளவென்று நுழைந்துவிடும். சுட்டால் உறை கிழிந்து சூடான வாயு முகத்தை நோக்கி வரும். குழலின் மேல் பொறித்திருப்பதும் பெட்டியில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் அடுத்த இடம் தோட்டாத் தேர்வு. ரிம்ஃபயர் ரைஃபிள்களுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: ஒரே மாடல், ஒரே நாளில் செய்த இரண்டு ரைஃபிள்கள் கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும். விலை உயர்ந்த தோட்டாவை ஒன்று சிதறடிக்கும். மலிவானதை அதே ரைஃபிள் ஒரு நாணயத்துக்குள் அடுக்கும். இதை அறியாதவர் "இந்த ரைஃபிள் சரியில்லை" என்று அடுத்ததை வாங்கக் கிளம்பிவிடுவார். செய்ய வேண்டியது, ஐந்தாறு வகைத் தோட்டாவில் வகைக்கு 50 தோட்டா கொண்ட ஒரு பெட்டி வாங்கி, 50 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்ப்பது. மூன்று குண்டு ஒட்டி விழுந்ததும் படம் எடுத்துப் பெருமைப்படுவதில் பயன் இல்லை, பத்தில்தான் குணம் தெரியும். பிடித்தது தெரிந்ததும் அதே தயாரிப்பு எண் உள்ள 500-ஐ மொத்தமாக வாங்கி வைக்கலாம்.

ரைஃபிளுக்கே பட்ஜெட்டைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தில் ஒரு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டுவதும் சகஜம். வேட்டை பெரும்பாலும் அந்தி நேரத்தில். மங்கிய ஸ்கோப்பில் முயல் எது, கல் எது என்றே தெரியாது. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்களின் பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தாலும் குறி நகராமல் இருக்கும் தூரம், 100 கெஜம் அல்லது அதற்கு மேல் அமைந்திருக்கும். அதை 30 மீட்டர் முயலுக்குப் பயன்படுத்தினால் கண் சற்று நகர்ந்தாலே குறி நகரும். ரிம்ஃபயருக்கென்று 50 கெஜத்தில் அமைத்தவை தனியாக உண்டு. 24 மடங்கு பெரிதாக்குவதெல்லாம் காகிதக் குறிக்குத்தான், முயலுக்கு நாலு முதல் ஒன்பது மடங்கு தாராளம். ஸ்கோப்போடு பூட்டுப்பெட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: ரைஃபிளைச் சட்டம் சொல்லும் பெட்டகத்தில் பூட்டி, தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைப்பது கட்டாயம்.

உடம்புக்குப் பொருந்துமா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, பிறகு திறக்க வேண்டும். கண் நேராக ஸ்கோப்பின் நடுவில் இருந்தால் சரி. கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் பின்கட்டை உங்களுக்கு ஒத்துவரவில்லை. இடதுகைக்காரர் வலதுகை போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, சாவேஜ் குறைந்த விலையிலேயே இடதுகை மாடல் செய்கிறது.

இதையெல்லாம் முன்கூட்டியே பார்ப்பதற்கு இன்னொரு காரணம், அங்கே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும். பிடிக்கவில்லை, மாற்றிக்கொள்கிறேன் என்றால் மறுபடியும் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு.

பழைய ரைஃபிள் வாங்குவது நல்ல யோசனைதான். நியூ சவுத் வேல்ஸின் லித்கோ ஆயுதத் தொழிற்சாலை போருக்குப் பிறகு செய்த .22-கள் இன்னும் பண்ணைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் வாங்கும்போது பலரும் மரத்தின் மெருகைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே. தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து விளையாடப்பட்ட பழைய ரிம்ஃபயரில், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியானது அறையின் விளிம்பில் அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருக்கும், சுட்ட உறை வெளியே வர மறுக்கும். போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தால் துருக்குழி தெரியும். முனையில் சுத்தம் செய்யும் கம்பி உரசிய தேய்மானம் இருக்கிறதா, ஸ்கோப் மாட்டக் காடி வெட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ரைஃபிள் பலவற்றில் அது இருக்காது. மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) தொலைந்து போயிருந்தால், பேரம் முடிக்கும் முன் வேறொன்று கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். சில பழைய மாடல்களுக்கு அது ரைஃபிளைவிட அரிது.