பாரம் குறைந்த லப்டொப்: எழுதுகிறவர்கள் விடும் தவறுகள்

காலையில் மூதூரில் கூட்டம், மத்தியானம் கிண்ணியாவில் நேர்காணல், இரவு ரயிலில் கொழும்பு. இப்படி அலைந்தபடியே செய்தியும் அறிக்கையும் மொழிபெயர்ப்பும் எழுதுகிறவருக்குத் தோளில் தொங்கும் ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். அதனால் கடைக்குப் போனதும் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானது. முதல் கேள்வியாக வருவதுதான் பிழை. தமிழில் விரைவாக எழுத விடுகிறதா, திருகோணமலை வெக்கையிலும் கடற்காற்றிலும் நிற்கிறதா, கரண்ட் இல்லாத இடத்தில் எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது என்பவற்றைப் பார்த்துவிட்டு எடைக்கு வந்தால் பணம் வீணாகாது.

பெட்டியில் எழுதிய எடை

விளம்பரத்தில் 1.2 கிலோ என்று இருந்தால் அது உடல் மட்டும். பழைய வகை 65 வாட் சார்ஜர், அதன் தடித்த மூன்று முள் வயரோடு சேர்த்து 350 முதல் 450 கிராம் வரை வரும். உறை 200 கிராம், மவுஸ் 80 கிராம், போர்ட் போதாததால் வாங்கும் ஹப் 60 கிராம். எல்லாம் சேர்ந்தால் தோளில் இரண்டு கிலோ. 1.4 கிலோ லப்டொப்பை விட்டு 1.2 கிலோவுக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தவர், 400 கிராம் சார்ஜரைக் கவனிக்காமல் சுமந்துகொண்டு திரிவார். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லப்டொப்பும் 65 வாட் 'கேன்' (GaN, காலியம் நைட்ரைட்) வகைச் சிறிய சார்ஜரும் எடுத்தால், சார்ஜர் மட்டும் 150 கிராம் அளவில் நின்றுவிடும். எடை குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஒரு கணக்குக்கு: மெக்புக் எயார் 13 அங்குலம் எம்2 முதல் 1.24 கிலோ. திங்பேட் எக்ஸ்1 கார்பன் வகை பெரும்பாலும் 1.1 கிலோவை ஒட்டியது. திங்பேட் டி480 1.58 கிலோவில் தொடங்கும். சாதாரண 15.6 அங்குல லப்டொப் 1.7 கிலோ அல்லது அதற்கு மேல். நாளும் பொழுதும் பஸ்ஸில் போகிறவருக்கு 1.5 கிலோவுக்குள் இருந்தால் போதும். அதற்குக் கீழே இறங்க இறங்க, கீபோட்டிலும் பற்றரியிலும் போர்ட்டுகளிலும் எதையாவது இழக்க நேரிடும் அல்லது விலை பாயும்.

மிக மெல்லிய பிளாஸ்டிக் மூடிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நெரிசல் பஸ்ஸில் பை நசிபடும்போது மூடி வளைந்து திரை வெடிக்கும். கடையில் மூடியின் நடுப்பகுதியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். திரையில் அலை போல நிறம் ஓடினால் அந்த உடல் பஸ் பயணத்துக்கு ஆகாது.

தமிழ் விரலுக்குக் கீபோட் பொருந்துமா?

ஆங்கிலத்தில் எழுதும் விமர்சகர் "நல்ல கீபோட்" என்று சொல்வதை அப்படியே நம்புவதுதான் தமிழில் எழுதுகிறவர் விடும் மிகப் பெரிய தவறு. ஆங்கிலத்துக்கு வலது ஓரத்து நிறுத்தக்குறி விசைகள் எப்போதாவதுதான் தேவை. தமிழுக்கு அவை உயிர். தமிழ் 99 என்ற தட்டச்சு அமைப்பில் 'ந' அரைப்புள்ளி விசையில், 'ய' அதற்கு அடுத்த மேற்கோள் விசையில், 'ச', 'ஞ' இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில், 'ழ' சாய்கோட்டு விசையில் இருக்கின்றன. பாமினி என்ற இன்னொரு தட்டச்சு அமைப்பில் பழகியவருக்கு அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்துப் புள்ளி. ஒரு வரிக்குள் அதைப் பத்துத் தடவை தட்ட வேண்டிவரும்.

பதினொரு, பன்னிரண்டு அங்குல லப்டொப்புகளில் இடத்தை மிச்சம்பிடிக்க முதலில் ஒடுக்கப்படுவது இந்த வலது ஓரம்தான். சிலவற்றில் அந்த விசைகள் எழுத்து விசைகளைவிட ஒடுங்கி, நெருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுண்டுவிரல் தவறி 'என்ரர்' விசையில் விழும், வரி உடையும். இரண்டு மணித்தியாலம் எழுதினால் மணிக்கட்டும் நோகும். ஜப்பானில் பாவித்து இங்கே வந்த லப்டொப் கண்ணில் பட்டால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு கிலோவுக்குக் கீழான அருமையான உடல்கள் அவற்றில் உண்டு. ஆனால் ஜப்பானியக் கீபோட்டில் ஸ்பேஸ் விசை குட்டை, நிறுத்தக்குறிகளின் இடமும் வேறு.

சோதிப்பது சுலபம். கடையிலேயே தமிழ் உள்ளீட்டைப் போட்டு, "நிழலில் சாய்ந்த மஞ்சள் தாழை" என்று பத்துத் தடவை பார்க்காமல் தட்டுங்கள். ந, ழ, ச, ய, ஞ எல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடும். மூன்றாவது தடவைக்குப் பிறகும் விரல் தடுமாறினால் வேறு லப்டொப் பாருங்கள். விசை கீழிறங்கும் ஆழம் 1.3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருப்பது நீண்ட எழுத்துக்கு நல்லது.

மென்பொருளையும் இங்கேயே யோசிக்க வேண்டும். பாமினி முறையில் யூனிகோட் எழுத உதவும் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் இரண்டும் விண்டோஸுக்கானவை. மெக்கில் தமிழ் 99, அஞ்சல் அமைப்புகள் தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் இந்த விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடா. கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் விலை குறைவு, எடையும் குறைவு. அதிலும் இவை ஓடா. பாமினியைத் தவிர வேறு தெரியாதவர் இதைத் தெரியாமல் வாங்கினால், லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு முதலிலிருந்து தட்டச்சுப் பழக வேண்டியதுதான்.

பாவித்த லப்டொப்புகளில் 12 அங்குல மெக்புக் ஒன்று பலரை இழுக்கும். 920 கிராம், விசிறி இல்லை, பார்க்க அழகு. அதன் கீபோட் 'பட்டர்ஃபிளை' வகை. ஒரு துகள் உள்ளே போனாலே விசை சிக்கும், அல்லது ஓர் எழுத்து இரண்டாக விழும். உப்புவெளி, நிலாவெளி மணல் பக்கம் வேலை செய்கிறவர் அதைத் தொடவே வேண்டாம். மெக்புக் எயாரில் 2018, 2019 மொடல்களுக்கும் அதே கீபோட்தான். 2020 மொடலில் மாற்றிவிட்டார்கள்.

திரை

1366×768 திரையை இன்னும் விற்கிறார்கள். 14 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 112 புள்ளி; 1920×1080 என்றால் 157. ஆங்கிலத்துக்கு முதலாவது சமாளிக்கும். தமிழில் சிறிய எழுத்தளவில் 'க' வும் 'க்' உம் ஒன்றாகத் தெரியும், 'ன' வும் 'ண' வும் மயங்கும், பிழை திருத்தும்போது புள்ளி விட்டுப்போனது கண்ணில் படாது. ஆகவே 1920×1080க்குக் கீழே இறங்காதீர்கள். 16:10 அளவுத் திரையில் ஒரு பக்கத்தில் இன்னும் சில வரிகள் கூடத் தெரியும். வெளிச்சம் 300 நிட்டுக்குக் குறைந்தால் திண்ணையில் இருந்து எழுத முடியாது. மினுக்கமில்லாத மேற்பரப்பு இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு கூட்டலாம் என்று நினைப்பது

மெல்லிய லப்டொப்புகளில் பெரும்பாலானவற்றில் ரேம், தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. எக்ஸ்1 கார்பன், திங்பேட் எக்ஸ்280, மெக்புக் எயார் எல்லாம் அப்படி. வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசி வரை. 4 ஜீபி இன்றைக்கே போதாது. 8 ஜீபியில் எழுத்தும் பத்துப் பக்க இணையத் தேடலும் ஓடும். ஐந்தாறு வருடம் வைத்திருக்க எண்ணினால் 16 ஜீபி. டி480 போன்றவற்றில் இரண்டு ரேம் இடங்கள் உண்டு, கூட்டலாம். அதற்கு விலையாகத்தான் அந்த ஒன்றரைக் கிலோ.

64 ஜீபி 'இஎம்எம்சி' (மலிவான, வேகம் குறைந்த வகை) சேமிப்போடு வரும் மலிவு லப்டொப்பை விட்டுவிடுங்கள். விண்டோஸ் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்ததும் இடம் முட்டிப்போகும். 256 ஜீபி எஸ்எஸ்டி குறைந்தபட்சம்.

பற்றரியும் பிளக்கும்

"10 மணித்தியாலம்" என்று கடைக்காரர் சொன்னால் வாட்-மணி (பற்றரி சேமிக்கும் மின்சக்தியின் அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். எழுதும் வேலைக்கு லப்டொப் 6 முதல் 8 வாட் இழுக்கும். 50 வாட்-மணி பற்றரியை 8ஆல் பிரித்தால் ஆறேகால் மணித்தியாலம். வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டி, போன் ஹொட்ஸ்பொட்டில் இணையமும் போட்டால் ஐந்துக்கு இறங்கும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாட்டில், கொழும்புப் பயணத்தையும் தாங்க வேண்டியவருக்கு 50 வாட்-மணி என்பது கீழெல்லை.

பவர் பேங்க் இருக்கிறதே என்று நினைப்பதிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 20,000 மில்லி அம்பியர் மணி என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. இழப்புப் போக அறுபது அளவில் கைக்கு வரும். லப்டொப்பை ஒருதரம் நிரப்ப அது போதும். ஆனால் கடையில் அதிகம் கிடைப்பவை 18 அல்லது 22.5 வாட்தான் வெளியே தரும். பல லப்டொப்புகள் அதை ஏற்காது, ஏற்றாலும் எழுத எழுதப் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும். 45 வாட்டுக்கு மேல் 'பவர் டெலிவரி' உள்ளதாகப் பாருங்கள். லப்டொப்பில் யூஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்றும் இல்லை. சிலவற்றில் அது தரவுக்கு மட்டும். கடையிலேயே செருகிப் பாருங்கள்.

பிளக் பொயின்ற் விஷயம் சின்னது, ஆனால் வேலையை நிறுத்தும். புதிய கட்டடங்களில் 13 அம்பியர் சதுர முள். பழைய பாடசாலை, மண்டபம், விடுதிகளில் இன்னும் வட்ட முள். ஓர் அடாப்டர் பையிலேயே இருக்கட்டும்.

வெக்கையும் உப்பும்

அப்பிள் தன் மெக்புக்குகளுக்குச் சொல்லும் இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 பாகை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே மத்தியானம் அந்த மேலெல்லையை முட்டும். விசிறி இல்லாத லப்டொப் அப்போது பழுதாகாது. தன்னைக் காக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எழுத மட்டும் என்றால் பரவாயில்லை. சூம் கூட்டம், பெரிய பிடிஎஃப், படம் திருத்தல் எல்லாம் உண்டென்றால் விசிறி உள்ளதை எடுங்கள். கீழ்ப்பக்கத்தால் காற்று இழுக்கும் வகையை மெத்தையிலோ மடியிலோ வைத்தால் அந்த விசிறியாலும் பயன் இல்லை.

டச்சுக்குடாப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்று துளைகளின் உலோகத்தை அரிக்கும். கடல் பார்த்த யன்னலோரம் திறந்தபடி விடாமல், இரவில் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். வாடைக்காற்று மழைக்காலத்துக்கு பையின் மழையுறையும் வேண்டும்.

பாவித்தது வாங்கும்போது

திங்பேட் எக்ஸ்270, டெல் லட்டிடியூட் 7480 போன்றவை நல்ல உடல்கள், மலிவாகவும் வருகின்றன. அவற்றில் இருப்பது இன்டெல் 6ஆம், 7ஆம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். செயலியின் பெயரில் ஐ5க்குப் பின்வரும் எண் 7300 என்றால் 7ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை. விற்பவர் எப்படியோ விண்டோஸ் 11 ஏற்றிக் காட்டினாலும் இந்த எண்ணைப் பாருங்கள். லினக்ஸ் பழக்கமென்றால் அந்தப் பழையவையும் ஓடும். அதில் பாமினிக்கு நெருக்கமான ரெங்கநாதன் அமைப்பையும் நிறுவிக்கொள்ளலாம்.

பற்றரியின் உண்மை நிலையை, விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் powercfg /batteryreport என்று தட்டினால் வரும் அறிக்கை காட்டும். வடிவமைப்புக் கொள்ளளவு 50,000, இப்போது நிரம்புவது 30,000 என்றால் 60 சதவீதம். புதிய பற்றரியின் விலையைப் பேரத்தில் கழித்துக் கேளுங்கள்.

கடைசியாகப் பூட்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்த லப்டொப்புகளில் பல, பழைய நிறுவனமே கட்டுப்படுத்தும் நிர்வாகப் பூட்டோடு வரும். காசு கொடுக்க முன் மூன்று வேலை செய்யுங்கள். இயக்கும்போது டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, திங்பேட் என்றால் எஃப்1 அழுத்தி, பயோஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். கடவுச்சொல் கேட்டால் வாங்க வேண்டாம். மெக் என்றால் முழுக்க அழித்து, உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். தொலைநிர்வாகம் என்றோ பழைய உரிமையாளரின் கணக்கு என்றோ திரை வந்தால் எழுந்து வாருங்கள். மூன்றாவது, வொரண்டி யாருடையது, பழுதானால் லப்டொப்பைத் திருகோணமலையில் கொடுக்கலாமா, இல்லை கொழும்பு பம்பலப்பிட்டிக்கே கொண்டுபோக வேண்டுமா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.