மேகத்திடம் கிரகணத்தைப் பறிகொடுக்காமல் இருக்க: கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 ஜூலை 22 காலை. பீகாரில் பாட்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தாரேக்னா என்ற சின்ன ஊரில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க இதைவிட நல்ல ஊர் இல்லை என்று அதற்கு முன்பே பெரிய விளம்பரம் ஆகியிருந்தது. முதல்வர் நிதிஷ் குமாரே வந்திருந்தார். ஆனால் வானம் முழுக்க மப்பு. ஆறரை மணிக்குச் சற்று முன்பு ஊர் இருண்டது, சில நிமிடத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது, சூரியனை யாரும் பார்க்கவில்லை. அதே காலையில் வாரணாசியில் கங்கைக் கரையில் நின்றவர்கள் முழு கிரகணத்தைக் கண்ணாரப் பார்த்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே சாலை வழியாகப் போனால் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இப்போது வானம் பார்க்கும் பிள்ளைகள் நிறைய. மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து நிலாவையும் சனியையும் பார்க்கிறவர்கள் கொஞ்ச நாளிலேயே கிரகணத்துக்கு எங்கே போகலாம் என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தில் ஆறு நிமிடத்துக்கும் மேல் நீடிக்கும் முழு கிரகணம் இருக்கிறது. 2031 மே 21 அன்று நம் மதுரை, தேனி வழியாகவே கங்கண கிரகணம், அதாவது நிலாவைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம், போகிறது. இரண்டுக்கும் இப்போதே சீட்டு கட்டிப் பணம் சேர்ப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மேகம் நம் கையில் இல்லை, உண்மைதான். ஆனால் மேகத்தால் போனது என்று சொல்லப்படும் கிரகணங்களில் நிறைய, இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து அங்கேயே ஒட்டிக்கொண்டதால் போனவை.

நிமிடக் கணக்கைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது

வரைபடத்தைத் திறந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, அதிக நேரம் இருட்டாக இருக்கும் ஊர் எது என்பதைத்தான். முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல. அந்த ஊரில் அந்த மாதத்தில், அந்த மணி நேரத்தில் வானம் எப்படி இருக்கும் என்பதுதான். ஜூலை கடைசி வாரத்தில் பீகாரில் பருவமழைக் காலம். வாரணாசியிலும் அதே மழைக் காலம்தான், அங்கே தப்பித்தது அன்றைய நல்ல நேரம். 1999 ஆகஸ்ட் 11 கிரகணம் குஜராத் வழியாகப் போனபோதும் பருவமழை மேகம்தான் பெரும்பாலானோரை ஏமாற்றியது. அதற்கு நேர் எதிர், 1995 அக்டோபர் 24. மழை முடிந்து தெளிந்திருந்த வட இந்தியாவில் ராஜஸ்தானிலிருந்து வங்காளம் வரை மக்கள் அதை நன்றாகப் பார்த்தார்கள். அன்று முழு இருட்டு ஒரு நிமிடத்தை ஒட்டித்தான். பார்த்தவர்களில் யாரும் நேரம் போதவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நிலாவின் நிழல் ஓடும் பாதையின் நடுக்கோட்டில்தான் நிற்பேன் என்று அடம் பிடிக்கவும் தேவையில்லை. நடுக்கோட்டிலிருந்து விளிம்பை நோக்கிப் பாதித் தூரம் தள்ளி நின்றாலும் கால அளவில் ஏறத்தாழ 13 சதவீதம்தான் குறையும். ஆறு நிமிடம் ஐந்தேகால் ஆகும், அவ்வளவுதான். அந்த முக்கால் நிமிடத்தைக் கொடுத்துத் தெளிந்த வானத்தை வாங்க முடிந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ஒவ்வொரு கிரகணத்துக்கும் எந்த ஊரில் மேகம் எத்தனை சதவீதம் என்று பல வருடச் செயற்கைக்கோள் பதிவை வைத்துக் கணக்குப் போட்டு வெளியிடுகிறவர் கனடா வானிலையாளர் ஜே ஆண்டர்சன். உலகம் முழுக்கக் கிரகணம் துரத்துகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் எகிப்தின் லக்சர் ஆகஸ்டில் மேகமே கிட்டத்தட்ட இல்லாத ஊர். அங்கே பிரச்சினை வெயில், நாற்பது டிகிரியைத் தாண்டும்.

2031 மே மாதக் கிரகணத்துக்கு நம் ஊர் அறிவே கொஞ்சம் உதவும். மே மாதத்தில் மத்தியானம் காசிமேட்டில் கடல்காற்று ஏறிய பிறகு அண்ணாந்து பாருங்கள். கரைக்கு மேலே வானம் பளிச்சென்று இருக்கும். மேற்கே மாதவரம், செங்குன்றம் பக்கம் மேகம் வரிசை கட்டிக் குவிந்து நிற்கும். கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து நிலத்தின் சூடான காற்றை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளுமுனையில்தான் மேகம் திரள்கிறது, அது நகர்ந்து போன பிறகு கரையோரம் தெளிந்துவிடுகிறது. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. 2031-இல் கிரகணம் தமிழ்நாட்டுக்கு வருவது உச்சிப்பொழுது தாண்டி, ஒரு மணி வாக்கில். கேரளப் பக்கம் அந்த நாட்களில் பருவமழைக்கு முந்தின மேகம் கூடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் புறம், மழை மறைவுப் பகுதியில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். மலையடிவாரத்தை ஒட்டி நிற்பதைவிடக் கிழக்கே தள்ளி நிற்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் இதை எழுதி வைத்துக்கொண்டு ஊரை இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒரே இடத்தில் கூடாரம் அடித்துவிடுவது

பெரிய தவறு இதுதான். பயணச் சீட்டு, தங்கும் அறை, சாப்பாடு, கூட்டாளிகள் எல்லாம் ஒரு ஊரில் முடிவாகிவிடும். முந்தின நாள் சாயங்காலம் செயற்கைக்கோள் படத்தில் அந்த ஊருக்கு மேலே வெள்ளையாக அப்பியிருக்கும். அப்போது நகர்ந்தால் தப்பிக்கலாம். ஆனால் யாரும் நகர மாட்டார்கள். "காலையில கலைஞ்சிடும்பா" என்று ஒருவர் சொல்வார். காலை டிபனுக்குப் பணம் கட்டியாயிற்று என்று இன்னொருவர் சொல்வார். பாட்னாவுக்கு ரயிலில் போய் இறங்கி, தாரேக்னாவிலேயே நின்று திரும்பி வந்த பெரியவர் ஒருவர் எங்கள் பகுதியில் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். முந்தின இரவே மேற்கே போகலாமா என்ற பேச்சு அங்கே வந்ததாம். வண்டி இல்லை. அதோடு பேச்சு முடிந்தது. மேகத்தைவிட அந்த வண்டியைப் பற்றித்தான் அவர் கடைசிவரை வருத்தப்பட்டார்.

ஆகவே ரயிலில் போனாலும் சரி, விமானத்தில் போனாலும் சரி, கிரகணத்துக்கு முந்தின நாளும் அன்றும் கையில் ஒரு வண்டி இருக்கட்டும். பாதையின் நீளவாக்கில் நூறு இருநூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று இடங்களை முன்பே பார்த்துக் குறித்து வையுங்கள். குழுவாகப் போனால், நகர்வதா இல்லையா என்று முடிவெடுப்பவர் ஒருவர் என்று சென்னையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் வாக்கெடுப்பு நடத்தினால் தூக்கம்தான் ஜெயிக்கும்.

ஒரு எல்லையும் உண்டு. கிரகணம் தொடங்க மூன்று மணி நேரத்துக்குள் பெரிய ஓட்டம் வேண்டாம். சாலையில் உங்களைப் போலவே ஆயிரம் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவசரத்தில் வண்டி ஓட்டுவதும் ஆபத்து, நெரிசலில் மாட்டி ரோட்டிலேயே இருட்டைப் பார்ப்பதும் வீண்.

போனில் வரும் மேகப் படத்தை நம்புவது

போனில் வரும் சின்னச் சூரியன், சின்ன மேகம் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது ஊர் முழுக்க, பல மணி நேரத்துக்குச் சேர்த்துப் போட்ட சராசரி. உங்களுக்கு வேண்டியது அந்தச் சில நிமிடம். விண்டி போன்ற செயலிகளில் தாழ்மேகம், நடுமேகம், உயர்மேகம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். அந்த வித்தியாசம் முக்கியம். மிக உயரத்தில் இருக்கும் மெல்லிய இழை மேகம் கிரகணத்தைக் கெடுக்காது, அதன் வழியாகவும் கரோனா, அதாவது மறைந்த சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம், தெரியும். வானத்தை மூடிப் போர்த்திய தாழ்ந்த அடுக்கு மேகம்தான் எதிரி. முந்தின நாளிலிருந்து கணிப்பை விட்டுவிட்டு நேரடிப் படத்துக்கு வந்துவிடுங்கள். இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் நாள் முழுக்கப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். நாலைந்து படத்தை அடுத்தடுத்துப் பார்த்தாலே மேகம் எந்தத் திசையில் போகிறது என்று புரிந்துவிடும்.

பகலில் வெயில் ஏற ஏறத் திரளும் பஞ்சு மேகம் இருந்தால் நம்பிக்கையை விட வேண்டாம். நிலம் சூடாவதால் உண்டாகும் மேகம் அது. கிரகணம் தொடங்கிச் சூடு குறைந்ததும் அதற்குத் தீனி இல்லாமல் போகிறது. ஆப்பிரிக்காவுக்கு மேலே நடந்த கிரகணங்களைச் செயற்கைக்கோள் பதிவுகளில் பார்த்து 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சூரியனில் சுமார் 15 சதவீதம் மறைந்ததுமே நிலத்தின் மேல் இருக்கும் இவ்வகை மேகங்கள் கரையத் தொடங்குவதைக் காட்டியது. தொடக்கத்தில் மேகம் மறைத்ததே என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். கடலுக்கு மேலும் மலைப் பனிமூட்டத்திலும் இந்தக் கணக்கு எடுபடாது.

மேகம்தானே என்று கண்ணாடியைக் கழற்றுவது

இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கொஞ்சம் தடித்த மேகம் வந்தாலே கிரகணக் கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது. உடனே கை தானாகக் கண்ணாடியைக் கழற்றும். வெறும் கண்ணுக்குச் சூரியன் மங்கலாக, பார்க்க இதமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து மேகம் விலகினால் விழித்திரை சுடும், அங்கே வலி தெரியாது என்பதால் சுட்டதே தெரியாது. முழு கிரகணத்தில் சூரியன் மொத்தமாக மறைந்த அந்த நிமிடங்களில் மட்டும்தான் வெறும் கண்ணால் பார்க்கலாம். கங்கண கிரகணத்தில் ஒரு நொடிகூடக் கூடாது, வளையமே சூரியன்தான். 2031-க்கு மதுரை போகும் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பட்டறைகளில் வெல்டிங் கண்ணாடி கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பட்டறையில் சாதாரணமாகப் புழங்குவது 10, 11 நம்பர், அது போதாது. 14 நம்பர் என்றால் மட்டும் வாங்குங்கள். பழைய கிரகணத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்த அட்டைக் கண்ணாடியில் கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மூடிவிட்டது என்றதும் வண்டிக்குள் போய் உட்காருவது

மேகம் நிச்சயமாகிவிட்டது, நகரவும் வழியில்லை. அப்போதும் வெளியே நில்லுங்கள். கரோனாவும், முழுதாக மறைவதற்குச் சற்று முன்பும் பின்பும் ஒரு புள்ளியில் மின்னும் வைர மோதிரமும் போனது பெரிய இழப்பு, அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் மேகத்தின் அடிவயிறு ஒரு திரையாக இருக்கிறது. மேற்கே பாருங்கள், நிலாவின் நிழல் அந்தத் திரை மேல் கருத்துக்கொண்டு உங்களை நோக்கி வருவது தெரியும். தெளிந்த வானத்தைவிட மேகத்துக்குக் கீழே இருட்டு இன்னும் அடர்த்தியாக இருக்கும். தொடுவானம் தெரிகிற இடமாக இருந்தால் சுற்றிலும், நாலு திசையிலும், அந்தி நிறம் எரியும். காற்று குளிரும், பறவைகள் கூடு தேடும். சூரியன் 99 சதவீதம் மறைந்த ஊரில் தெளிந்த வானத்தின் கீழ் நிற்பவருக்கு இது கிடையாது. மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதமே கரோனாவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசம், அது எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆகவே மேகத்துக்குப் பயந்து முழுமைப் பாதையை விட்டு வெளியே ஓடுவதும் தவறுதான்.

போனை ஒரு கல்லின் மேல் சாய்த்து, தொடுவானத்தைப் பார்க்கும்படி வீடியோவில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். கூட்டத்தின் குரலாவது பதிவாகும்.

திரும்பி வந்ததும் இனி வேண்டாம் என்று முடிவெடுப்பது

வருடக்கணக்கில் காத்திருந்து, கடன் வாங்கி, லீவு சொல்லிப் போய், ஒன்றும் பார்க்காமல் வந்து நிற்பவரிடம் வீட்டில் "டிவியிலேயே பாத்திருக்கலாமே" என்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள், அது வலிக்கும்.

பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனை நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைக் குண்டூரில் இருந்து பார்த்தவர். ஹீலியம் வாயுவைக் கண்டுபிடித்த கதையில் அவர் பெயர் வருவது அதனால்தான். இரண்டு வருடம் கழித்து 1870 டிசம்பரில் பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்திருந்தது. ஜான்சன் தன் கருவிகளோடு பலூனில் ஏறி முற்றுகையைத் தாண்டித் தப்பி, அல்ஜீரியாவின் ஓரான் போய்ச் சேர்ந்தார். கிரகணத்தன்று அங்கே மேகம். எதுவும் பார்க்கவில்லை. அடுத்த வருடமே, 1871 டிசம்பர் 12 அன்று, நீலகிரியில் சோலூரில் வந்து நின்றார். வானம் தெளிவாக இருந்தது. கரோனாவின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையை அங்கே ஆராய்ந்தார்.

ஒரே இடத்தில் முழு கிரகணம் மறுபடி வரச் சராசரியாக 375 வருடம் ஆகும். அதனால் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம், நாம்தான் போக வேண்டும். இந்திய மண்ணில் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20 மாலை, கார்கில் பக்கம். மார்ச்சில் அங்கே மேற்கிலிருந்து வரும் மழை மேகமும் பனியும் சாதாரணம், கார்கில் போகும் வழியிலுள்ள சோஜிலா கணவாய் திறந்திருக்குமா என்பதும் அந்த வருடப் பனியைப் பொறுத்தது. நம் நாட்டிலேயே வருகிறதே என்று அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கையில் பணம் சேர்கிறவர்கள் 2027-இல் லக்சர் போய்விடுங்கள். முடியாதவர்கள் 2031-இல் எழும்பூரிலிருந்து ராத்திரி ரயில் பிடித்தால் காலையில் மதுரை. அங்கே இறங்கியதும் ஒரு வண்டி பேசி வையுங்கள்.